உடுத்திய பின் எழும் கேள்வி: ஸ்மார்ட் ஆடையை மக்கள் எதனால் ஏற்பார்கள்?

புதிதாக ஒரு பொருள் வந்தால் சிலர் உடனே எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அக்கம்பக்கம் பார்த்துக் காத்திருக்கிறார்கள். சிலர் கடைசிவரை தொடுவதே இல்லை. இது ஏன் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை சொல்லப்பட்டு வருகிறது. சமூகவியலாளர்கள் ஒன்று சொன்னார்கள், பொருளியலாளர்கள் மற்றொன்று சொன்னார்கள், பிறகு உளவியலாளர்களும் கணினித் துறையினரும் தங்கள் விடைகளோடு வந்தார்கள். இப்போது அந்தக் கேள்வி ஆடையின் மேல் வந்து நிற்கிறது. இதயத் துடிப்பை அளக்கும் பனியன், கைபேசியை இயக்கும் சட்டைக் கை, மூச்சின் வேகத்தைக் கணிக்கும் மார்புப் பட்டை என்று இவற்றைச் செய்யத் தெரிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கைக்கடிகார வடிவில் வந்த கருவிகள் உலகமெங்கும் பரவின. ஆடையாக வந்தவை பெரும்பாலும் பரவவில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடக்கப் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பம் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் 1996-இல் தன் குழுவினருடன் ஒரு சட்டையை உருவாக்கத் தொடங்கினார். போர்க்களத்தில் வீரனின் உடலில் குண்டு பாய்ந்தால் எங்கே பாய்ந்தது, நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதைத் துணியே தெரிவிக்க வேண்டும் என்பது நோக்கம். துணியின் நெசவுக்குள்ளேயே ஒளியிழையும் மின்கடத்தும் இழையும் ஓடின. ஸ்மார்ட் ஆடை வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறாமல் குறிப்பிடும் சட்டை அது. ஆனாலும் அது வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லை. தொழில்நுட்பம் முடிந்த இடத்தில் ஏற்பு தொடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இக்கட்டுரை இதுவரை சொல்லப்பட்ட விடைகளை எடுத்து, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 பிரிவுகளில் ஒன்றான எடப்புளி நாடு போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. அங்கே ஸ்மார்ட் ஆடை பரவிவிட்டது என்று சொல்வதற்காக அல்ல. ஏற்பைப் பற்றிய முதன்மையான கோட்பாடு பிறந்தது நகரத்து அலுவலகத்தில் அல்ல, மக்காச்சோளக் காட்டில். அது அளந்தது உழவர்களின் முடிவுகளை. ஆகவே அதைச் சோதிக்கச் சாமைக்காடு பொருத்தமான இடம்தான். கொல்லிமலையில் சில புதுமைகள் வேகமாகப் பரவின, சில தயங்கித் தயங்கி நடந்தன. இரண்டையும் ஒப்பிட அங்கே இடமிருக்கிறது.

பார்த்துச் செய்தல்

மிகப் பழைய விடை, மனிதர் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள் என்பது. பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் தார்த் 1890-இல் இதை ஒரு சமூக விதியாகவே எழுதினார். அமெரிக்காவில் தோர்ஸ்டைன் வெப்லென் 1899-இல், வசதியைக் காட்டிக்கொள்வதே செலவின் நோக்கங்களில் ஒன்று என்றார். ஜெர்மனியில் கியோர்க் சிம்மல், மேல்தட்டு உடுத்துவதைக் கீழ்த்தட்டு பின்பற்றுகிறது, உடனே மேல்தட்டு வேறொன்றுக்குத் தாவுகிறது என்று நவநாகரிகத்தின் ஓட்டத்தை விளக்கினார். இந்தியாவில் எம்.என். சீனிவாஸ் 1952-இல் குடகு மக்களைப் பற்றிய நூலில், உயர்ந்ததாகக் கருதப்படும் சாதியின் பழக்கங்களைப் பிறர் மேற்கொள்ளும் போக்கை எடுத்துக்காட்டினார்.

இந்த விளக்கத்துக்கு ஒரு வலு உண்டு. கையில் கட்டிய கருவி பிறர் கண்ணில் படுகிறது. துணிக்குள் மறைந்த உணரி கண்ணில் படுவதில்லை. கடிகாரம் பரவியதற்கும் பனியன் பரவாததற்கும் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் பார்த்துச் செய்ய எல்லோருக்கும் உரிமை இருந்ததா என்று இக்கோட்பாடு கேட்பதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய விரும்பினார்கள். 1820-களிலிருந்து 1859 வரை அதற்காக அடிபட்டார்கள், அணிந்த துணி கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859 ஜூலையில் அரசாணை வந்த பிறகும் அவர்கள் உயர்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருந்தது. விருப்பம் இருந்தது, துணி இருந்தது, அனுமதி இல்லை. ஆடையை ஏற்பது எப்போதும் தனிமனிதரின் மனம் சார்ந்த முடிவு என்று தொடங்கும் எந்த ஆய்வும் இந்த வரலாற்றுக்கு முகம் கொடுத்தாக வேண்டும்.

ஆதாயக் கணக்கு

1943-இல் பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் அயோவாவில் 259 உழவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை அவர்கள் எப்போது, யார் சொல்லி ஏற்றார்கள் என்பது கேள்வி. விளைச்சல் கூடுவது தெளிவாகத் தெரிந்தும் பரவல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. விதையைப் பற்றி முதலில் சொன்னவர்கள் விற்பனையாளர்கள். விதைக்கச் செய்தவர்கள் பக்கத்துக் காட்டுக்காரர்கள். அநேகமாக எவரும் முழுக் காட்டையும் முதல் ஆண்டே மாற்றவில்லை. ஒரு மூலையில் விதைத்துப் பார்த்துவிட்டே அகலப்படுத்தினார்கள்.

இந்த ஆய்வின் மேல் எழுந்ததுதான் எவரெட் ராஜர்ஸ் 1962-இல் வெளியிட்ட புதுமைப் பரவல் நூல். முந்தையதைவிட என்ன மேன்மை, வாழ்க்கையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, எவ்வளவு சிக்கல், சிறிதளவில் சோதித்துப் பார்க்க முடியுமா, பலன் பிறர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஐந்து பண்புகளை அவர் வரிசைப்படுத்தினார். பொருளியலாளர் ஸ்வி கிரிலிகெஸ் 1957-இல் அதே மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு, பரவலின் வேகத்தைப் பெரிதும் தீர்மானித்தது லாபம்தான் என்று வாதிட்டார். சமூகவியலுக்கும் பொருளியலுக்கும் இடையே அப்போது தொடங்கிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இந்த மரபின் பெரிய பலவீனத்தை ராஜர்ஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்: புதுமை நல்லது, எல்லோரும் அதை ஏற்க வேண்டும், ஏற்காதவர் பின்தங்கியவர் என்ற சாய்வு அதற்குள் இருக்கிறது. தாமதமாக ஏற்பவருக்கு இக்கோட்பாடு வைத்த பெயரே அவரைக் குறைத்துப் பேசுகிறது. மலைக்கிராமங்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சாய்வு மிகவும் ஆபத்தானது. ‘அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிட அது வழி செய்கிறது.

மனதை அளக்கும் வினாத்தாள்கள்

1989-இல் பிரெட் டேவிஸ் அலுவலகக் கணினிகளுக்காக ஒரு மாதிரியை முன்வைத்தார். பயன்படும் என்ற எண்ணமும், கையாள எளிது என்ற எண்ணமும் சேர்ந்தே ஒருவரின் ஏற்கும் நோக்கத்தை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் உடனாய்வாளர்களும் இதையும் இதுபோன்ற பிற மாதிரிகளையும் ஒன்றிணைத்தார்கள். சுற்றியிருப்போரின் செல்வாக்கும், பயன்படுத்த உதவும் சூழலும் அதில் இடம்பெற்றன. 2012-இல் நுகர்வோருக்கென அதை விரித்தபோது இன்பம், விலைக்கு ஏற்ற மதிப்பு, பழக்கம் ஆகியவையும் வந்து சேர்ந்தன.

ஸ்மார்ட் ஆடை பற்றிய ஆய்வுகளில் கணிசமானவை இந்த மாதிரிகளின் வழியில் வந்தவை. தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் 2000-களின் இறுதியிலிருந்தே வினாத்தாள்கள் வழியாக இக்கேள்வி ஆராயப்பட்டு வருகிறது. பயன்பாடு, எளிமை ஆகியவற்றோடு அழகு, உடல் வசதி, தனியுரிமை பற்றிய அச்சம், புதுமை விரும்பும் மனப்பாங்கு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவுகளில் முழு ஒருமை இல்லை. பயன்பாடு பற்றிய எண்ணம் பெரும்பாலும் வலுவாக நிற்கிறது. மற்றவை நாட்டுக்கு நாடு, ஆடைக்கு ஆடை முன்பின்னாகின்றன.

இவ்வழியின் சிக்கல் முடிவுகளில் இல்லை, அது கேட்கும் தருணத்தில் இருக்கிறது. பதில் சொல்பவர் அந்த ஆடையை உடுத்தியிருக்க வேண்டியதில்லை. படத்தையோ விளக்கத்தையோ பார்த்துவிட்டு ‘வாங்குவேன்’ என்ற நோக்கத்துக்கு மதிப்பெண் இடுகிறார். நோக்கம் செயலாகிறதா என்பதைப் பல துறைகளிலும் ஆராய்ந்த பாஸ்கல் ஷீரன் 2002-இல் தொகுத்துச் சொன்னது: மனிதர்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சராசரியாக 28 விழுக்காட்டையே நோக்கம் விளக்குகிறது. அது சிறிய அளவல்ல. ஆனால் மீதி பெரிது. அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கருவி வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் ஆறு மாதத்துக்குள் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டதாக 2014-இல் ஒரு சந்தை ஆய்வு சொன்னது. ஏற்பு என்று ஆய்வுகள் எண்ணுவது பெரும்பாலும் முதல் நாளை. மக்கள் தீர்ப்புச் சொல்வது அதற்குப் பிறகு.

உடம்பும் துவைகல்லும்

வடிவமைப்பாளர்கள் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரான்சின் ஜெம்பர்லேயும் குழுவினரும் 1998-இல், உடம்பில் அணியும் கருவிக்கு 13 வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். உடம்பில் எந்த இடத்தில் வைப்பது, அசையும்போது உறுத்துமா, எடை, வெப்பம், நெடுநாள் அணிந்தால் என்ன ஆகும் என்பவை அவற்றுள் அடங்கும். லூசி டன் 2010-இல், ஸ்மார்ட் ஆடை சந்தைக்கு வராததற்கான தடைகளை ஆராய்ந்தபோது, நுகர்வோர் மனம் அவற்றில் ஒன்றே என்று காட்டினார். ஆடைத் தொழிலும் மின்னணுத் தொழிலும் இருவேறு வேகத்தில், இருவேறு முறையில் இயங்குவதும் தடையாக இருந்தது.

வரலாறு இந்தப் பக்கத்துக்கே கூடுதல் சான்று தருவதாகத் தோன்றுகிறது. 2000-இல் பிலிப்ஸும் லீவைஸும் சேர்ந்து ஐரோப்பாவில் ஒரு மேலங்கியை வெளியிட்டன. கைபேசியும் இசைக்கருவியும் அதற்குள் இணைந்திருந்தன. துவைப்பதற்கு முன் மின்னணுப் பகுதிகளைக் கழற்ற வேண்டும். விலையும் எட்டாத உயரம். அது நிலைக்கவில்லை. கூகுளும் லீவைஸும் 2017-இல் 350 டாலருக்கு விற்ற டெனிம் மேல்சட்டையின் கைப்பகுதியில் மின்கடத்தும் நூல் நெய்யப்பட்டிருந்தது. தடவினால் பாட்டு மாறும், வழி சொல்லும். 2023-இல் அதற்கான செயலி நிறுத்தப்பட்டது. டெனிம் துணிக்குப் பல ஆண்டு ஆயுள் உண்டு. அதன் அறிவுக்கு ஆறு ஆண்டுதான் ஆயுள். துணியின் வாழ்நாளும் மென்பொருளின் வாழ்நாளும் ஒத்துப்போகாதபோது, வாங்கியவரிடம் எஞ்சுவது விலையுயர்ந்த சாதாரணச் சட்டை.

தமிழ்நாட்டு ஆடை வரலாறும் துவைப்பதைச் சுற்றியே நிறையப் பேசுகிறது. கதரை எடுத்துக்கொள்வோம். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க வசதியில்லை என்று மக்கள் சொன்னதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். விலை என்ற தடை அன்றே முன்வந்து நின்றது. 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கி, திருப்பூர் தமிழகக் கதர் உற்பத்தியின் மையமான பிறகும் தடைகள் முழுதாக நீங்கவில்லை. கதர் தடித்தது, நனைந்தால் கனத்தது, துவைத்து உலர்த்துவது பாடு. இந்தப் பாடு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. கதரைப் பற்றி எழுதிய மானிடவியலாளர் எம்மா டார்லோ 1996-இல் வெளியிட்ட நூலில், தேசத்தின் மேல் பற்றிருந்தும் அன்றாடம் கதர் உடுத்துவதில் மக்கள் பட்ட தயக்கங்களை விரிவாகக் காட்டுகிறார். அவர்கள் பற்றுக் குறைந்தவர்கள் அல்லர். துணியோடு வாழ வேண்டியிருந்தவர்கள்.

இதற்கு நேரெதிர் பாலியஸ்டர். எந்தத் தலைவரும் அதற்காகப் பிரசாரம் செய்யவில்லை. பருத்தியின் குளிர்ச்சி அதற்கு இல்லை, நம் வெயிலுக்கு அது பொருத்தமும் இல்லை. ஆயினும் டெரிலின் சட்டையும் பாலியஸ்டர் புடவையும் கிராமம்வரை போயின. கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், கஞ்சி வேண்டாம், இஸ்திரி பெரிதாக வேண்டாம், சாயம் போகாது, எளிதில் கிழியாது. 1985-இன் துணிக் கொள்கை செயற்கை இழைகள் மீதான தடைகளைத் தளர்த்தியபின் பரவல் இன்னும் வேகம் கொண்டது. ‘வாழ்க்கையோடு ஒத்துப்போதல்’ என்று ராஜர்ஸ் சொன்னதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த ஒத்துப்போதல் உடுத்தும் நேரத்தில் நிகழவில்லை, துவைக்கும் நேரத்தில் நிகழ்ந்தது.

ஸ்மார்ட் ஆடையின் சோதனைகள் பெரும்பாலும் சலவை இயந்திரத்தை மனத்தில் வைத்தவை. துவைகல்லில் அடிப்பதும், சோடா உப்பில் ஊறவைப்பதும், உச்சி வெயிலில் காயப்போடுவதும் அந்தச் சோதனையில் இல்லை. ஆடையின் வடிவமும் அப்படியே. உடலோடு ஒட்டும் மீள்துணிப் பனியனே பெரும்பாலான வடிவமைப்புகளின் அடிப்படை. உணரி தோலை விட்டு நகர்ந்தால் அளவு பிழையாகும் என்பதால் அந்த இறுக்கம் தேவை. புடவை, வேட்டி, லுங்கி ஆகியவற்றுக்கு அந்தப் பண்பு இல்லை. ஆனால் ரவிக்கைக்கு உண்டு. ரவிக்கை மார்போடு பொருந்தித் தைக்கப்படுவது, நாள் முழுதும் அணியப்படுவது. ஆயத்த அளவுகளில் வாங்குவதைவிட ஊர்த் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதே இன்னும் பரவலான வழக்கம். அந்தத் தையற்காரர் தைக்கக்கூடிய உணரித் துணி ஒன்றை உருவாக்குவது பற்றி, கோடிக்கணக்கான பெண்களின் அன்றாட ஆடை என்ற அளவுக்கு ஏற்ற கவனம் விழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சாமையும் மரவள்ளியும்

கொல்லிமலை கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேல் எழுந்த மேட்டுநிலம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்களே நெடுங்காலம் உணவாக இருந்தன. சாமையில் மட்டும் கட்டவெட்டிசாமை, மல்லியசாமை, பெருஞ்சாமை என்று பல வகைகள் காத்துவரப்பட்டன.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் கிழங்கு தேவைப்படும் ஆலைகள் சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்தன. சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசெர்வ் கூட்டுறவு அந்தத் தொழிலுக்கு ஒரு சந்தை அமைப்பைத் தந்தது. கிரிலிகெஸ் இருந்திருந்தால், லாபம், வேறென்ன என்று கேட்டிருப்பார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மறுபாதி உரலில் இருக்கிறது. சாமையின் உமி இறுகப் பற்றியிருப்பது. அறுத்து, அடித்து, காயவைத்தபின் உரலிலிட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். இதைச் செய்தவர்கள் பெண்கள். மரவள்ளியைப் பிடுங்கி மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. ரேஷன் அரிசியோ குத்தப்பட்டே வருகிறது. 2011 ஜூன் முதல் அட்டைதாரர்களுக்கு அது விலையில்லாமலும் ஆனது. சாமையை விட்டு விலகியதைப் பழமை மறத்தல் என்று புலம்புவோர், அதனால் பெண்களின் கைகளுக்குக் கிடைத்த ஓய்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புக்காக வேலை செய்து வருகிறது. விதை வங்கி, சாகுபடி முறை, சந்தை இவற்றோடு கிராமங்களுக்கு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் அது கொண்டுவந்தது. குத்தும் வேலை குறையாமல் சாமை நிலைக்காது என்ற புரிதல் அதன் பின்னே இருந்தது. இந்த இயந்திரத்துக்கு வினாத்தாள் கொடுத்திருந்தால் மதிப்பெண் குவிந்திருக்கும். பயன் உண்டா? உலக்கை பிடித்த கைக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எளிதா? கொட்டினால் அரிசி வரும்.

ஆனால் இயந்திரம் ஊருக்குள் வந்து நின்றதும் வேறு கேள்விகள் எழுகின்றன. மின்சாரம் வேண்டிய நேரத்தில் இருக்குமா? ஒரு வீட்டார் கொண்டுவரும் சில படித் தானியத்துக்காக ஓட்டினால் கட்டுமா? ஒவ்வொரு சாமை வகையின் பருமனும் வேறு. குருணை விழாமல் திருத்தி வைக்கத் தெரிந்தவர் ஊரில் யார்? சல்லடை தேய்ந்தால் மலையிறங்கிப் போய் மாற்றி வருவது எவர் பொறுப்பு? கூலியை எவர் வசூலிப்பது? மகளிர் குழுக்கள் இவற்றை எடுத்து நடத்தக்கூடிய ஊரில் இயந்திரம் ஊரின் உடைமையாகிறது. அப்படி ஒரு ஏற்பாடு அமையாத இடத்தில் நல்ல இயந்திரமும் சும்மா நிற்கும். இது மனப்பாங்கின் கேள்வியே அல்ல. வெங்கடேஷின் மாதிரியில் ‘உதவும் சூழல்’ என்று நான்கு காரணிகளில் ஒன்றாக ஒதுங்கியிருப்பது, எடப்புளி நாட்டில் மற்ற மூன்றையும் தாங்கும் தூணாகத் தெரிகிறது.

மரவள்ளி ஏன் தயங்கவில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. அதற்கு ஊருக்குள் பராமரிக்க எதுவும் இல்லை. லாரி, ஆலை, விலை நிர்ணயம் எல்லாம் ஊருக்கு வெளியே ஏற்கெனவே அமைந்திருந்தன. உழவர் செய்ய வேண்டியிருந்தது நட்டு வைப்பது மட்டுமே. அந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு: விலை நிர்ணயமும் அவர் கைக்கு வெளியே போனது.

இதை ஆடைக்குப் பொருத்தினால் கிடைப்பது ஒரு கணிப்பே, முடிவல்ல. மலையில் ஒரு நோயாளிக்கு இதயத்தைக் கண்காணிக்கும் பனியன் கொடுக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர் அதை முதல் வாரம் அணிவாரா என்பதைவிட, மின்கலத்தை எங்கே ஏற்றுவது, கைபேசி அலை எட்டாத இடத்தில் அது என்ன செய்யும், உணரி பழுதானால் யாரிடம் சொல்வது, அது அனுப்பும் எச்சரிக்கையை மறுமுனையில் எவர் பார்ப்பது என்பவையே மூன்றாம் மாதம் அது பெட்டிக்குள் போகுமா, உடம்பில் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

யாருக்காக உடுத்துவது

பெங்களூரில் உருவான பெம்பு என்ற கைவளையம் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கானது. குழந்தையின் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒளியும் ஒலியும் எழுப்பும். தாய் உடனே குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சுமார் நான்கு வாரம் ஓடும் மின்கலம். அந்தக் காலத்துக்கு மேல் அது தேவைப்படுவதும் அரிது. மின்னேற்ற வேண்டாம், செயலி வேண்டாம், தரவு எங்கும் போவதில்லை. எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியது தாயின் கையிலேயே இருக்கிறது. ஆடை வகையைச் சேராவிட்டாலும், மேலே பட்டியலிட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றை வடிவமைப்பிலேயே இல்லாமல் செய்துவிட்ட கருவி இது. இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது அமெரிக்காவில் விற்ற ஆவ்லெட் காலுறை. உறங்கும் குழந்தையின் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் பெற்றோரின் கைபேசிக்கு அது அனுப்பியது. அனுமதி பெறாத மருத்துவக் கருவி என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, விற்பனை நின்றது, 2023-இல்தான் முறையான அனுமதியோடு ஒரு வடிவம் திரும்பி வந்தது. பெற்றோரின் அச்சம் ஏற்பை வேகமாகத் தூண்டக்கூடும். அந்த ஏற்பு நல்லதா என்பது வேறு கேள்வி.

வேறொரு வகை ஏற்பும் உண்டு. நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரங்கள் கட்டாயமாக்கப்பட்டன. சண்டிகரில் பணியாளர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அங்கே கட்டப்பட்ட கடிகாரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பரவல் முழுமையானது. பயன் உண்டா, எளிதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது பொருத்தமான கேள்வி அல்ல. பயன் ஒருவருக்கு, அணிவது மற்றொருவர். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகச் சில தரவுகளை ஒப்புதல் இல்லாமலே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. பின்னலாடை, சுரங்கம், தோட்டம் என்று தொழிலாளர் உடம்பில் ஸ்மார்ட் ஆடை ஏறும் நாளில் இந்த இடைவெளியின் அளவு தெரியவரும்.

ஆடையே வேண்டாம் என்ற மாற்று வழியும் இதே தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவியைப் பணியாளரின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. கருவி நோயாளியின் உடம்பில் தங்குவதில்லை. அளந்தபின் பணியாளரோடு போய்விடுகிறது. அதைப் பராமரிப்பது அமைப்பின் வேலை. அளவு கூடியிருந்தால் அடுத்து என்ன செய்வது என்று அங்கேயே ஒரு மனிதர் சொல்கிறார். நாள் முழுதும் அளக்கும் துணி தரக்கூடிய நுணுக்கம் இதில் இல்லை. ஆனால் எத்தனை நோய்களுக்கு அந்த நுணுக்கம் உண்மையிலேயே தேவை என்பதை ஸ்மார்ட் ஆடைக்காக வாதாடுவோர்தான் நிறுவ வேண்டும்.

தீராதவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முழுப் பொய் அல்ல. விலை எட்டும் தூரத்தில் இருந்து, விருப்பத்தோடு வாங்கும் நகர்ப்புற நுகர்வோரைப் பொறுத்தவரை டேவிஸ் வழிவந்த மாதிரிகள் ஓரளவு நன்றாகவே பேசுகின்றன. அங்கே பார்த்துச் செய்தலும் வேலை செய்கிறது. கொல்லிமலை போன்ற இடத்தில் அவற்றின் விளக்கும் ஆற்றல் குறைவதாகவும், பராமரிப்பும் பயனின் திசையும் முன்னுக்கு வருவதாகவும் இக்கட்டுரையின் மதிப்பீடு. இதுவும் உமி நீக்கும் இயந்திரத்திலிருந்தும் பாலியஸ்டரிலிருந்தும் பெற்ற ஒப்புமையின் மேல் நிற்கிறது. துணி தோலைத் தொடுவது, இயந்திரம் தொடுவதில்லை. வெட்கம், தீட்டு, பிறர் பார்வை, ஒருவர் உடுத்தியதை மற்றவர் உடுத்தலாமா என்ற எண்ணம் ஆகியவை ஆடைக்கு மட்டும் உரியவை. இவற்றை ஒப்புமை பிடிக்காது.

தேவைப்படும் ஆய்வு எப்படிப்பட்டது என்பது ஓரளவு தெளிவு. ஆடையைக் கையில் கொடுத்து, குறைந்தது இரண்டு மழைக்காலம் பின்தொடர வேண்டும். வாங்கும் நோக்கத்தை விட்டு, எத்தனை முறை துவைக்கப்பட்டது, எப்போது பழுதானது, எவர் சரிசெய்தார், எப்போது, எதற்காகக் கழற்றி வைக்கப்பட்டது என்பதை எண்ண வேண்டும். கழற்றி வைத்தவரைத் தோல்வியாகக் குறிக்காமல், அவர் சொல்லும் காரணத்தைத் தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். துவைப்பவரும் உடுத்துபவரும் வேறு வேறாக இருக்கும் வீடுகளில் இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். மறுக்கும் உரிமை உண்மையில் இருந்ததா என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாத இடத்தில் கிடைக்கும் ஏற்பு எண்ணிக்கையை மற்றவற்றோடு கூட்டக் கூடாது.

இதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சும். கதரை உடுத்தியவர்கள் அதன் கனத்தையும் விலையையும் அறிந்தே உடுத்தினார்கள், பலர் சிறை வாசல்வரை அதை உடுத்திச் சென்றார்கள். பயன், எளிமை, பராமரிப்பு ஆகிய எந்தக் கணக்கிலும் அடங்காத ஏற்பு அது. உடுத்துவோருக்கு அப்படி ஒரு பொருளை ஸ்மார்ட் ஆடை என்றேனும் தரக்கூடுமா, அல்லது அது கருவி என்ற அளவிலேயே நின்றுவிடுமா என்பதற்கு இப்போதுள்ள கோட்பாடுகளில் விடை இல்லை.